பவுன் கணக்கு

ராஃபிள்ஸ் பிளேசில் இறங்குவதற்குள்
மூன்று முறை கைப்பேசியைத் திறந்துவிட்டேன்.
சிவப்பு.

வெள்ளியில் சொன்னால் எனக்கு உறைப்பதில்லை.
பவுனாக்கிப் பார்த்தால்தான் வலிக்கும்.
தையில் என் பங்குகள் முப்பத்தொரு பவுன்.
ஆடியில் இருபத்திரண்டு.
இன்று காலை பதினொன்றரை,
சேதாரம் சேர்க்காமல்.

பூங்கோதை எதையும் வாங்கவில்லை, விற்கவில்லை.
அதே இரண்டு வளையல்களோடு
தேக்காவில் வாவல் மீனுக்குப் பேரம் பேசினாள்.
அவள் கை ஆட ஆட
விலை ஏறிக்கொண்டிருந்தது.

ஆட்குறைப்புக் கடிதத்துக்கு மறுவாரம்
வீட்டுத் தவணைக்காக
இருவரும் பஃப்ளோ ரோட்டுக்குப் போனோம்.
கழற்ற வரவில்லை.
அடகுக்கடைச் சீனப் பெண்
கைகழுவும் சோப்பை நீட்டினாள்.

தராசில்
நாற்பத்தேழு புள்ளி ஒன்பது.
வாங்கும்போது நாற்பத்தெட்டு.

"அந்த ஒரு புள்ளி எங்கே போச்சு?"
வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அரிசி களைந்த தண்ணீரிலா,
காய்ச்சலில் பிள்ளையின் முதுகைத்
தடவிய இரவுகளிலா,
பேருந்துக் கம்பியிலா?

ரயிலில் வீடு வரும்வரை
அதையே யோசித்துக்கொண்டு வந்தாள்.

பத்தொன்பதரைப் பவுன் எங்கே போனதென்று
இன்னும் அவள் கேட்கவில்லை.