வெறும் எடை

பாகாவ் சாலையில் லிம்மின் பழைய இரும்புக் கடை.
ஞாயிறு பத்துக்குள் போய்விட வேண்டும்.
பிந்தினால் ரஃபிக் குறடு எடுத்துவிடுவான்;
கண்ணாடிக்கு விலையில்லை,
கழுத்தில் சுற்றிய செம்புக்குத்தான்.

இன்று ஒன்பதே முக்கால்.
ஃபிரிட்ஜ் கதவுகளுக்குப் பின்னே
பதினான்கு அங்குலம், மஞ்சளேறிய உடம்பு,
முதுகுத் துவாரத்தில் பல்லி முட்டை இரண்டு.
“ஓடினா அம்பது வெள்ளி, ஓடலன்னா பதினஞ்சு.”
ஓட்டிப் பார்க்கக் கடையில் கரண்ட் இல்லை.
பதினைந்து கொடுத்தேன்.

லோகேந்திரன் மோட்டாரை ஓட்ட,
பின்னால் நான் அதைக் கட்டிக்கொண்டு.
செம்பனை லோரிகள் அரைத்த குழி ஒவ்வொன்றிலும்
விலாவில் ஓர் இடி.
“இதுக்கும் ரோட் டேக்ஸ் கட்டணும்டா” என்றான்.

ராத்திரி சொருகினேன்.
டொய்ங்.
கைமயிர் திரைப்பக்கம் சாய்ந்தது.
ஆட்டம் வந்தது, அதன் அடியில்
அழியாத இன்னொன்று, மலாயில்:
லோரி எண். மொத்த எடை. வெறும் எடை. நிகரம்.

தெரியும் எனக்கு இந்தக் கட்டங்கள்.
தினமும் தட்டுகிறேன், தட்டைத் திரையில்.
போன மாதம் ஆலை ஸ்டோரைக் காலி செய்தபோது
‘கழிவு, எட்டு உருப்படி’ என்ற தாளில்
பார்க்காமலே கையெழுத்துப் போட்டதும்
நான்தான்.

லோகேந்திரனின் குட்டி வீரன்
மொத்த எடையில் ஏறி, வெறும் எடையைத் தாண்டி,
நிகரத்தில் விழுந்து செத்தான்.
“கோடு மறைக்குதுடா. மாத்திட்டு வா.”

மிச்சம் ஏழு இந்நேரம்
செம்பாகியிருக்கும்.
கொடு இப்படி, என் முறை.
இன்னும் இரண்டு உயிர் பாக்கி.