கம்பிக்கு இந்தப் பக்கம்

விண்ணப்பத்தில் ஒன்பதாவது கேள்வி:
மேய்ச்சல் நிலம் சொந்தமா, குத்தகையா?
மூன்றாவதாக ஒரு கட்டம் இல்லை.
ஓரத்தில் கொஞ்சம் வெள்ளைத்தாள் கிடந்தது,
அதில் குளத்தங்கரை என்று எழுதினேன்.
ஜெர்லின் மேடம் அதை அடித்துவிட்டு
"குத்தகைன்னு போட்டுக்கலாம்க்கா" என்றாள்.
யாரிடம் குத்தகை?
தாமரையிடமா, முக்குளிப்பானிடமா?
கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்:
சுயம்புக்கனி, தெரிசனங்கோப்பு.
கறவை இரண்டு, கிடாரி ஒன்று.
காளைக்கன்றுக்குக் கட்டமே கிடையாது.

திட்டம் இதுதான்:
குளத்தைச் சுற்றிக் கம்பிவேலி.
மாடு இறங்கி மிதித்துக் கரை இடிகிறதாம்,
சாணி விழுந்து தண்ணீர் கெடுகிறதாம்.
பொய்யில்லை.
மடையடியில் அந்தக் குழி
என் மயிலையின் குளம்பு தோண்டியதுதான்.
பதிலுக்கு எனக்கு
வேலிக்கு வெளியே சிமெண்ட் தொட்டி, குழாய்,
புல்கரணை ஐந்நூறு, கொட்டகைக்குத் தகரம்,
மூன்று வருஷம் வருஷத்துக்கொரு தொகை
நேராக வங்கிக் கணக்கில்.

வேலி பங்குனியில் வந்தது.
தொட்டி சித்திரையில் வந்தது.
குழாய் வந்தது.
தண்ணீர் வந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது.

மயிலைக்குப் பதிவேடு படிக்கத் தெரியாது.
கம்பியில் தாடையை வைத்து
அப்பால் மினுங்குவதைப் பார்த்து நின்றாள்.
நாக்கை முழம் நீளம் நீட்டி
வெறும் வெயிலை நக்கினாள்.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று கிளம்பிவிட்டது.
அத்தனை காற்றாடியும் சுற்றி
மின்சாரம் யார் வீட்டுக்கோ போகிறது.
என் தொட்டி மோட்டாருக்கு
ஒரு கம்பம் நட ஆளில்லை.
"மோட்டாருக்கு லைன் கொடுத்தா
வெள்ளம் தானா வருமுல்லா" என்றார்
தொட்டி கட்டிய கொத்தனார்.
அது எனக்கும் தெரியும்.

இருபத்தாறு நாள்
நானும் கொழுந்தன் ஞானசிகாமணியும்
குடம் சுமந்தோம்.
வேலிப் பூட்டின் சாவி பஞ்சாயத்தில்,
பஞ்சாயத்தின் சாவி கிளார்க்கிடம்,
கிளார்க் மகள் பேறுகாலத்துக்குத் தக்கலையில்.
ஆகவே கம்பிக்கு மேலாக,
கைமாற்றிக் கைமாற்றி,
ஒரு மாட்டுக்கு ஒரு வேளைக்கு நாலு குடம்.
புடவையில் நாலு இடம் கிழிசல்.
திட்டச் செலவில் அதைச் சேர்க்கவில்லை.

இருபத்தேழாம் நாள் ராத்திரி
குறடு எடுத்துக்கொண்டு போனேன்.
மடையடியில், குழி இருந்த இடத்தில்தான்
வெட்டுவதாக இருந்தேன். மாட்டுக்குப் பழகின வழி.
டார்ச் அடித்தால் குழியைக் காணோம்.
கோரை முளைத்து மூடியிருந்தது.
உள்ளே, தண்ணீர் விளிம்பில்,
பாசியைக் குவித்து மிதக்கவிட்ட ஒரு கூடு.
தாய்ப்பறவை பாசியை இழுத்து
முட்டையைப் போர்த்திவிட்டு முங்கிப் போனது.
இரண்டு மாதம். இரண்டே மாதம்
என் மாடுகள் இல்லாததில் வந்தது இது.
எனக்குக் கோபம் கோபமாக வந்தது,
யார் மேல் என்று தெரியவில்லை.

அரைப் பர்லாங் நடந்து
கீழ்க்கரைக்குப் போனேன்.
அங்கே கருங்கல் பாவிய பழைய இறக்கம் உண்டு,
குளம்பு பட்டால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது.
அங்கே வெட்டினேன்.
ஒரு மாட்டின் அகலம்.
முனைகளை மடக்கிவிட்டேன், மடி கிழியாமலிருக்க.

ஆனியில் ஜெர்லின் மேடம் அளக்க வந்தாள்.
நாடாவை இழுத்தபடி வந்தவள்
இடைவெளியில் நின்றாள்.
மடக்கிய முனைகளை விரலால் தொட்டாள்.
கல்லைப் பார்த்தாள், சாணியைப் பார்த்தாள்,
தூரத்தில் கோரையைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
குறிப்பேட்டில் எழுதினாள்: கதவு, ஒன்று.

ஆடியில் முதல் தவணை வந்தது.
வேலிச் சேதம் என்று
இருநூற்றுப் பத்து ரூபாய் கழித்திருந்தார்கள்.
கதவு என்று அவள் எழுதியதும்
சேதம் என்று இவர்கள் எழுதியதும்
ஒரே அலுவலகம், வேறு வேறு மேசை.

போகட்டும்.
இன்று காலை இறக்கத்தில் முதலில் இறங்கியது
எந்தக் கட்டத்திலும் இல்லாத காளைக்கன்று.
முழங்கால் நனையக் குடித்துவிட்டு
தலையை உதறியது.
தொட்டியில் இன்னும்
ஒரு தவளைகூட இல்லை.