கட்டைவிரல்

குமாசிச் சந்தையில்
எல்லாத் தகரக் குவளைக்கும் அடி உள்வாங்கியிருக்கும்.
சுத்தியலால் ஒரு தட்டு,
ஒரு கைப்பிடித் தட்டைப்பயறு மிச்சம்.
திருட்டு இல்லை, தொழில்.

டுஃபியே பாடகர் குழுவில் முன்வரிசை.
ஞாயிறன்று "பரிசுத்தர்" என்று அவள் இழுத்த இழுப்பில்
கோயில் கூரைத் தகரம் அதிர்ந்தது.
தகரம்.
அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

திங்கள் விடியுமுன்
உலக்கை முனையைக் குவளைக்குள் விட்டு இடித்து
குழியை வெளியே தள்ளினாள்.

பக்கத்துக் கடை அச்சியா பேச்சை நிறுத்திக்கொண்டாள்.
மூட்டைக்கு ஆறு குவளை குறைந்தது.
மகனின் சீருடை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.
அவளைப் புனிதவதி என்று யாரும் சொல்லவில்லை.
அவளுக்கே எரிச்சலாகத்தான் இருந்தது.

வியாழன், மழை.
சாப்பாட்டுக் கடைப் பையன் ஒருவன்,
அளவைப் பார்க்கத் தெரியாதவன்,
இரண்டு குவளை கேட்டான்.
அளந்தாள்.
பயறோடு பயறாக
அவள் கட்டைவிரலும் உள்ளே கிடந்தது.
எப்போது போனதோ.

வெளியே எடுத்தாள்.
விரல் இருந்த பள்ளத்தில்
பதினொரு பயறு பிடித்தது. எண்ணித்தான் போட்டாள்.

பையன் மழைக்குள் ஓடிவிட்டான்.
அடுத்த ஆளுக்கு
குவளையை வெளிப்புறமாகப் பிடித்தாள்.
வழுக்கியது.
மறுபடி பிடித்தாள்.