கடைசி வரிக்குப் பின்

ப்ரெஸ்ட் துறைமுகத்தில் மழை
படுக்கைவாட்டில் பெய்யும்.
குடைக்கடைக்காரர்கள் இங்கே பிழைப்பதில்லை.

இரவு இரண்டே கால்.
தீவுகளுக்குப் போகும் படகுகளின் சீட்டை
நான்கு சர்வர்கள் விற்கின்றன.
நான்குக்கும் முன்னால் ஒரு ப்ராக்ஸி,
யாரும் திறந்து படிக்கலாம், யாரும் திருத்தி அனுப்பலாம்.
சுமைதாங்கி என்று சொல்லத் தோன்றும்.
சரியில்லை. அது எதையும் தாங்குவதில்லை.
வாங்கிய கை ஆறுமுன் அடுத்த கைக்குக் கொடுக்கிறது.
கல்யாணப் பந்தியில்
"அந்த வரிசைக்குப் போங்க, அங்க இலை காலி" என்று
கைகாட்டியபடி நிற்பவர்போல,
தான் மட்டும் சாப்பிடாமல்.

மாயெல் கெர்த்ரான் ஐந்தாவது சர்வரைச் சேர்க்கிறாள்.
புதன்கிழமை உவெஸ்ஸான் தீவில் ஆட்டுச் சந்தை.
போன வருடம் பக்கம் திறக்காமல்
ஜனங்கள் மழையோடு வந்து
சீட்டு ஜன்னலைத் தட்டினார்கள்.

அமைப்புக் கோப்பு அறுநூற்றுப் பன்னிரண்டு வரி.
அதில் பாதி குறிப்புகள்.
# இதைத் தொடாதே. கூ.
# ஏன் என்று எனக்கும் தெரியாது, தொடாதே. கூ.
கூ என்றால் கூல்வென்.
நான்ட் நகருக்குப் போய் ரொட்டிக்கடை வைத்துவிட்டான்.
அவனுடைய காலக்கெடுக்கள் மட்டும் இங்கேயே இருக்கின்றன:
முப்பது விநாடி, ஐந்து விநாடி,
ஓரிடத்தில் மட்டும், காரணமில்லாமல், பதினேழு.

எழுதி முடித்து அனுப்பினாள்.
ஏற்றுவதற்கு முன் சரிபார்க்கச் சொன்னாள்.
ப்ராக்ஸி மேலிருந்து கீழாகப் படித்தது,
கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறவன்
படிப்பதுபோல.

கடைசி வரியின் முடிவில் வரிமுறிவு இல்லை.
கோப்பு பாதியில் அறுந்திருக்கலாம்.
ஏற்க முடியாது.

வரிமுறிவா!
கண்ணுக்குத் தெரியாத ஒன்று,
எழுத்து என்று சொன்னால் எழுத்துகளே சிரிக்கும்.
அது இல்லையென்றா அடம்?
பிரெத்தோன் மொழியில் ஒரு வசவு விழுந்தது,
சிக்கிய வலைக்காக அவள் அப்பா வைத்திருந்தது.

கடைசியில் போய் ஒரு தட்டுத் தட்டினால் போதும்.
விரல் அந்தச் சாவியின் மேலேதான் இருந்தது.
ஏனோ சர்வரில் இருந்த நகலைத் திறந்து பார்த்தாள்.

நானூற்று ஏழாவது வரியோடு முடிந்திருந்தது.
வட்டில் இடமில்லை; நகல் பாதியில் நின்றுபோய்
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
8080 என்று முடியவேண்டிய வாசல் எண்
80 என்று நின்றது.
பிழையே இல்லாத பிழை.
இலக்கணம் சரி, எண் சரி,
கதவு மட்டும் வேறு வீட்டுக் கதவு.
அதற்குக் கீழே மூன்று சர்வர்கள் இருந்த சுவடே இல்லை.

இத்தனைக்கும் நடுவில் பழைய செயல்முறை
தான் முன்பே படித்ததை மனதில் வைத்துக்கொண்டு
தூக்கம் வராத யாரோ ஒருத்திக்கு
இரண்டு இருக்கையும் ஒரு நாயும் பதிவுசெய்தது.

மூலநிரலின் வரலாற்றில் தேடினாள்.
அந்தச் சோதனையை எழுதியவர் பெயர் ஒஸ்மோ,
ஊர் தாம்பெரே, எட்டு வரி நிரல்.
கூடவே இவ்வளவு:
'எங்கள் மருத்துவமனையில் இப்படி நடந்தது.
நாற்பது நிமிடம் எல்லா விளக்கும் பச்சை.
அழைப்பு எதுவும் வரவில்லை என்று
நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தோம்.'
அதற்கு மேல் அவர் எதுவும் எழுதவில்லை.
மாயெல் அந்தப் பக்கத்தை மூடச் சற்று நேரமானது.

பழைய பதிவேடுகளை அழித்து இடம் செய்தாள்.
மறுபடி நகல். அறுநூற்றுப் பதினான்கு வரி.
இந்தமுறை ப்ராக்ஸி பேசவில்லை.
புதியது வாசலில் வந்து நின்றது;
பழையது உள்ளே இருப்பவர்கள் எழும்வரை இருந்து,
நாய்க்காரியும் பணம் கட்டிய பிறகு,
போனது.

பதினேழு விநாடியை அவள் தொடவில்லை.

ஆறு மணிக்கு முதல் படகின் சங்கு.
கைபேசியில் வாங்கவேண்டியதைக் குறித்தாள்:
பால்
பேட்டரி
பூனைக்கு மத்தி மீன்
அணைக்கப் போனவள், திரும்பி,
மீனுக்குப் பின்னால் ஒரு தட்டு.