ஈரத் துண்டு

மேலப்பாளையத்தில் மைதீன் பிச்சை
எடை போட்டுத்தான் தந்தார்.
மூன்று கிலோ இருநூறு.
"மரத்தைக் கழிச்சுக்கிடுவோம் சார்,
பித்தளைக்கு மட்டும் குடுங்க."

தேக்குப் பெட்டி. உள்ளே லாடக் காந்தம்,
செம்புக் கம்பிச் சுருள் இரண்டு,
நோயாளி பிடிக்க இரண்டு குழல்கள்,
பக்கவாட்டில் சுற்றுகிற கைப்பிடி,
காப்பு அளக்கும் என் மெக்கரில் இருப்பதே மாதிரி.
மூடிக்குள் ஒட்டிய தாளில்
பல்வலி, பாரிசவாயு, காக்கை வலிப்பு,
சித்தப்பிரமை, சோம்பல்.
எல்லாவற்றுக்கும் சுற்று.

முப்பத்தோரு வருஷம் மின்வாரியத்தில் இருந்தேன்.
மனுஷ உடம்பில் கரண்ட் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம்.
ஏற்றுவதற்கென்றே செய்த சாமான்களை
அந்தச் சம்பளத்தில் வாங்கித்
தச்சநல்லூர் வீட்டில் ஓர் அறை நிறைத்தேன்.
பிரமு அதற்குள் செருப்பில்லாமல் வரமாட்டாள்.

வழுக்கைக்கு ஒரு கண்ணாடிச் சீப்பு உண்டு.
சுவிட்சைத் தட்டினால் உள்ளே கத்தரிப்பூ நிறம் ஓடும்,
இடி விழுந்த தென்னையின் வாசனை வரும்.
முடி வராது.
பார்த்துவிட்டேன்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது
கிடைத்தது அந்த இடுப்புப் பட்டை.
செம்பும் துத்தநாகமும் மாற்றி மாற்றித் தைத்தது.
காடியில் நனைத்துக் கட்டினால் வீரியம் பெருகுமென்று
அட்டைப் பெட்டிமேல் மீசைக்காரன் ஒருவன் நிற்கிறான்.
கம்பெனி போட்ட துளை ஐந்து.
அதற்கும் உள்ளே
ஆணியால் குத்திய துளை ஆறு.
கடைசித் துளைக்குச் சரியாக
என் பேரனுக்குத்தான் இடுப்பு இருக்கும்.
வருகிறவர்களுக்கு அதை நான் காட்டுவதில்லை.

பிச்சை தந்த பெட்டியில்
அடித்துணியைத் தூக்கினால் ஒரு நோட்டு.
எலக்ட்ரிக் புரொபசர் யோபு ஞானாபரணம், சுரண்டை.
விளக்குக் கம்பம் எட்டாத ஊர்களுக்குக்
கரண்டைத் தோளில் தூக்கிப் போனவர்.

முக்கூடல். மூட்டுவாதம் நாலு. செவிடு ஒன்று. பேய் ஒன்று.
வரவு பதினொன்றரை அணா.

கடையம். மழை. ஒருவரும் வரவில்லை.
எனக்கே வைத்துக்கொண்டேன். தலைவலி அப்படியே.

'குணம்' என்று கோடு போட்ட பத்தி
பக்கம் பக்கமாக வெள்ளை.
பொய் எழுத எவ்வளவோ இடம் கிடந்தும்
மனுஷன் எழுதவில்லை.

பாவூர்சத்திரம். சந்தைக் கூட்டம்.
தனித்தனியே பார்க்க நேரமில்லை.
பன்னிரண்டு பேரைக் கைகோத்து நிற்கச் சொன்னேன்,
ஆளுக்கு அரையணா.
சுற்றினேன். ஒருத்தருக்கும் ஏறவில்லை.
பெட்டி போச்சு என்று பயந்தேன்.
பார்த்தால் ஐந்தாம் ஆளுக்கும் ஆறாம் ஆளுக்கும் நடுவே
ஒரு துண்டு.
இவர் இந்த முனை. அவர் அந்த முனை.

யார் என்ன ஆள் என்று எழுதவில்லை.
இந்தச் சீமையில் எழுதவும் வேண்டாம்.
அடுத்த வரி:

துண்டை நனைக்கச் சொன்னேன். போயிற்று.

காய்ந்த பஞ்சு விடாது, ஈரம் விடும்.
பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு
இதை ஒரு வாரம் நடத்தினார்கள்.
பன்னிரண்டு தோளும் ஒரே சமயம் தூக்கிப்போட்டிருக்கும்,
ஒரே 'எம்மா' கிளம்பியிருக்கும்,
யார் வாய் எதுவென்று தெரியாமல்.
பிறகு அவரவர் கையை
வேட்டியில் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள்.
மூட்டுவாதமும் கூடவே போயிருக்கும்,
அவரவர் வீட்டுக்கு.

அந்தத் தேதிக்கு மட்டும்
குணம் பத்தியில் ஏதோ எழுதி
அடித்திருக்கிறார்.
லென்ஸ் வைத்தும், தாளைப் புரட்டி வெயிலில் பிடித்தும்
எழுத்து பிடிபடவில்லை.

மாடிக் கொடியில் பிரமு காயப்போட்ட துண்டு
அப்பளம் போல் விறைத்துக் கிடந்தது.
எடுத்து வந்து
இரண்டு முனையிலும் கிளிப் மாட்டி
மெக்கரைச் சுற்றினேன்.
முள் முடிவிலியில் போய் நின்றது.