ஈரப்பதம்

பதினெட்டரை என்றது கருவி.
பவுனம்மா என் முகத்தைப் பார்த்தார்.
நான் பேரேட்டைப் பார்த்தேன்.
"பதினேழுக்கு மேல எடுக்க முடியாது.
கொட்டிக் காயவச்சுக் கொண்டாங்க."

கொரடாச்சேரி, வடுவூர், இப்போது இந்தத் திடல்.
பதினோரு வருடத்தில்
எத்தனையோ கொள்முதல் நிலையம் மாறினேன்.
வாக்கியம் மாறவில்லை.

போன ஐப்பசியில் மூட்டை எண்ணும்போது
நாற்பத்து மூன்றுக்குப் பிறகு எண் வரவில்லை.
நாற்பது கிலோ சிப்பம் ஒன்றை
யாரோ என் இடது தோளில் இறக்கிவிட்டுப்
போய்விட்டார்கள்.
நெல் லாரியிலேயே தஞ்சாவூர்.
ஒரு குழாயில் வலை வைத்தார்கள்.
இன்னொன்றில் பாதி அடைப்பு,
அதை மருந்தால் பார்த்துக்கொள்ளலாமாம்.

கெட்ட கொழுப்பு நூற்று நாற்பத்தாறு.
"ஐம்பத்தஞ்சுக்குக் கீழ வரணும்"
என்றார் டாக்டர் தாஹிரா.
எண்பது மில்லிகிராம். ராத்திரி ஒன்று.
எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.
சிரித்தார்.

ஆறு வாரத்தில் எழுபத்தொன்று.
பாதிக்குப் பாதி!
பரீட்சை பாஸான பையனாய்க்
காகிதத்தை நீட்டினேன்.
அதிலேயே அச்சிட்டிருந்தது,
நூறுக்குக் கீழ் இருந்தால் சரி என்று.
"அது மத்தவங்களுக்கு.
ஒரு தடவை அடைச்ச குழாய்க்கு
வேற கணக்கு."
"பதினாறு புள்ளிதானேம்மா,
பாத்துப் பண்ணுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது
அது யாருடைய குரல் என்று.

இன்னொரு மாத்திரை சேர்ந்தது.
சின்னது, வெள்ளை,
பெயர் வாயில் நுழையாது.

சில வருடம் டெல்லியிலிருந்து குழு வரும்.
ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டுப்
பத்தொன்பது வரை வாங்கலாம் என்று தளர்த்தும்.
என் ரத்தத்தை முகர
எந்தக் காரும் வரப்போவதில்லை.

இந்தப் பக்கத்தில் எண் என்றால் ஏற வேண்டும்.
மேட்டூரில் எத்தனை அடி,
மாவுக்கு எத்தனை மூட்டை.
இறங்கச் சொல்லிக் கும்பிட
எனக்கு வாய்த்தது இது ஒன்றுதான்.

தொடை இரண்டும் வலிக்கிறது,
நேற்று நடவு நட்டவன் போல.
பூண்டைத் தின்னு, மாத்திரையை விடு என்றது
மச்சினன் வீடு.
விட்டேன். நாலு நாள்.
கோகிலத்துக்குக்கூடத் தெரியாது,
மாத்திரையைக் கிள்ளிக் கிள்ளிக்
கொல்லைப் பூவரசின் அடியில் போட்டேன்.
ஐந்தாம் நாள்
மூட்டையோடு நின்ற தர்மையன்
திடீரென்று நெஞ்சைப் பிடித்தான்.
வெறும் வாயு.
சோடா குடித்து, ஏப்பம் விட்டு,
அடுத்த மூட்டைக்குப் போய்விட்டான்.
அன்று ராத்திரி நான்
தண்ணீர்ச் செம்பை எடுத்தேன்.
வலிக்கு ரத்தம் சோதித்து
அளவைக் கொஞ்சம் மாற்றித் தந்தார் டாக்டர்,
திட்டிக்கொண்டே.

"உங்களுக்கு இப்ப எவ்வளவு சார்?"
தார்ப்பாயை உதறியபடி பவுனம்மா கேட்டார்.
இந்த ஊரில் எதைத்தான் மறைப்பது.
"ஐம்பத்தெட்டு."
"எவ்வளவு கேக்குறாங்க?"
"ஐம்பத்தஞ்சு."
"அப்ப நீங்களும்
இன்னும் காயணும்."

மேற்கே கருத்திருந்தது.
தை மாதத்தில் வரக்கூடாத மேகம்.
மூன்று மணி வரை பலகையால்
தள்ளிக்கொண்டே இருந்தார்,
நெல்லைவிட வேகமாய்க் காய்ந்தது
அவர் முதுகு.

மறுபடி கருவியை வைத்தேன்.
பதினேழு புள்ளி நான்கு.

பேரேட்டில் என்ன எழுதினேன் என்பதை
டாக்டரிடம் சொல்ல மாட்டேன்.