சீ.ஆர். கொப்பி

பிரதேச செயலகத்துக் கருத்தரங்கில்
கொழும்பால் வந்தவர் சொன்னார்:
கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லாதீர்கள்,
எழுதியும் வைக்காதீர்கள்.
கேக்கும் பிளேன்ரீயும் தந்தார்கள்.
நான் குறிப்பெடுத்தேன்.

கடையில், போட்டோக்கொப்பி மெசினுக்குக் கீழே
நாநூற்றிப் பன்னிரண்டு பேர்
என் கையெழுத்தில் படுத்திருக்கிறார்கள்.
குருமண்வெளித் துறையில் பாதையால் இறங்கி வந்தவர்கள்,
பாஸ்போட்டுக்கு ஈமெயில் கேட்கிறானாம் என்றவர்கள்.
"பாஸ்வேர்ட் என்ன போட?"
"நீயே போடு புள்ள, எனக்கு மறந்துபோம்."
விடமாட்டேன்.
உங்களுக்கு மறக்காத ஒண்டு சொல்லுங்க என்பேன்.
ஒருவர் தன் வட்டையின் பெயர் சொன்னார்.
ஒருவர், கடல் வந்த திகதி.
குவைத்துக்குப் போன பத்மலோசினி
மாட்டின் பெயரைச் சொல்லிச் சிரித்தாள்.
புருசன் பெயர் சொல்லவில்லை.

மறுகா அந்தப் புருசன் வந்தான்,
ரீலோட் போடுகிற சாட்டில்.
"மனிசிட பாஸ்வேர்ட் உங்களிட்டத்தான் கிடக்காம்."
தெரியா என்றேன்.
அவன் கண் மெசினுக்குக் கீழே போய் வந்தது.

இரவு கடையைப் பூட்டி உள்ளே இருந்தேன்.
கொளுத்தலாம்.
கொளுத்தினால் நாளைக்கு வருகிறவருக்கு
அவரை யார் திறந்து கொடுப்பது?
புதுக் கொப்பி எடுத்தேன்.
ஒவ்வொரு சொல்லிலும் ஒன்றை மாற்றினேன்,
எதை என்பது என்னோடு.
வட்டை, எந்தக் குளமும் பாயாத வட்டையானது.
கடல் இரண்டு நாள் பிந்தி வந்தது.
பத்மலோசினியின் மாடு கிறுகி நின்றது.
விடியப்புறம் மூன்று மணிக்கு
நாட்டின் தகவல் பாதுகாப்பு
களுவாஞ்சிகுடியில்
மை தீரப்போகும் ஒரு நீலப் பேனையில் ஓடிக்கொண்டிருந்தது.

இருநூற்றி ஆறாவது, தெய்வானைப்பிள்ளை.
அவ சொன்னது மகனுடைய பெயர்.
நான் அடிக்க அடிக்க
திரையில் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன.
"புள்ள எங்க?" என்றா.
கண் அடையாளத்தை அமத்திக் காட்டினேன்.
விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தா.
எழுதிக் கொடுத்த பட்டியல்களில்
ஒன்றில் சுதாகரன், ஒன்றில் சாதகரன்,
ஒன்றில் பெயரே இல்லை: ஆண், பத்தொன்பது.
"இதிலயாவது சரியாக் கிடக்கட்டும்கா."

பேனை அதில் நின்றது.
தாண்டி, இருநூற்றி ஏழுக்குப் போனேன்.

எல்லாம் மாறிவிட்டது.
சதாகரன் மட்டும்
சதாகரனாகவே கிடக்கிறான்,
கொப்பியை எடுக்கிற எவனும்
வாசிக்கக்கூடிய எழுத்தில்.